அடியோடு வெட்டினால் தீருமா? மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் கதை

ஒக்டோபர் பிறந்தால் வங்கி வாசலிலும் வைத்தியசாலைச் சுவரிலும் இளஞ்சிவப்பு ரிபன் தெரியத் தொடங்கும். மாதம் முடியக் கழற்றிவிடுவார்கள். விழிப்பாக இருங்கோ என்று அந்த ரிபன் சொல்கிறது. ஆனால் இந்த நோய்க்கு இன்றைக்குக் கொடுக்கிற சிகிச்சை எங்கிருந்து வந்தது, அதற்காக யார் யார் சண்டை பிடித்தார்கள் என்ற கதையை அது சொல்லுறதில்லை.

எங்கட ஊர்களில் இந்த நோயைப் பற்றி இரண்டு வசனங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "கான்சர் எண்டால் முடிஞ்சுது." மற்றது, "ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாத்தையும் வெட்டிப் போடுவினம்." இரண்டாவது பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட ஏலாது. ஒரு காலத்தில் அது அப்படியே உண்மையாக இருந்தது. கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகளாக, மார்பில் ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் முழு மார்பையும், அதன் கீழிருக்கிற தசையையும், அக்குளில் இருக்கிற கணுக்களையும் சேர்த்து வெட்டியெடுப்பதுதான் சரியான சிகிச்சை என்று உலகின் பெரிய வைத்தியசாலைகள் நம்பின. அந்த நம்பிக்கை எப்படி வந்தது, எப்படி உடைந்தது என்பதைத்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

மயக்கமருந்துக்கு முன்

இந்த நோய் புதிசு இல்லை. எட்வின் ஸ்மித் பப்பைரஸ் என்று அழைக்கப்படும் எகிப்திய மருத்துவச் சுவடி கிறிஸ்துவுக்கு முன் 1600 அளவில் எழுதப்பட்ட பிரதி. அதன் மூலம் அதைவிடப் பழையது. அதில் மார்பில் புடைத்து நிற்கிற கட்டிகளைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கு. இதற்குச் சிகிச்சை இல்லை என்று அந்த எகிப்திய வைத்தியர் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார். பிறகு வந்த கேலன், உடம்பில் கரும்பித்தம் கூடுவதுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்றார். அந்தக் கருத்து ஐரோப்பாவில் ஆயிரம் வருசத்துக்கும் மேலாக நின்றது.

மயக்கமருந்து இல்லாத காலத்தில் கத்தி என்றால் என்ன என்பதை அறிய ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது. ஃபானி பேர்னி என்ற ஆங்கில நாவலாசிரியர் 1811 செப்டெம்பர் 30 அன்று பாரிஸில் தன் வலது மார்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். செய்தவர் நெப்போலியனின் படை வைத்தியரான லாரே. குடிக்கக் கொடுத்த மதுக் கலவையைத் தவிர வேறு மயக்கம் எதுவும் இல்லை. நடந்ததை எல்லாம் பேர்னி தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் எடுத்தன. நோயாளி ஒருத்தி தன் உடம்புக்கு நடந்ததைத் தன் சொல்லிலேயே எழுதி வைத்த மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. அதன் பிறகு அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840 இல் காலமானார்.

1846 இல் பொஸ்டனில் ஈதர் மயக்கமருந்து பகிரங்கமாகக் காட்டப்பட்டது. 1867 இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். வலியும் சீழும் கட்டுக்குள் வந்தபின், அவசரப்படாமல் நீண்ட நேரம் வெட்டலாம் என்ற நிலை உண்டானது. எவ்வளவு வெட்டுவது என்ற கேள்வியும் அதோடுதான் வந்தது.

வேரோடு பிடுங்குதல்

அந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் வில்லியம் ஹால்ஸ்டட் ஒரு பதில் சொன்னார். புற்றுநோய் ஒரு புள்ளியில் தொடங்கி, நீரில் விழுந்த எண்ணெய் போலச் சுற்றிப் படர்ந்து, முதலில் அக்குள் கணுக்களுக்கும் பிறகு தூர உறுப்புகளுக்கும் ஒழுங்காக நகரும் என்று அவர் நினைத்தார். அப்படியென்றால் படர்ந்த எல்லையைத் தாண்டி வெட்டிவிட்டால் நோய் தீர வேண்டும். மார்பு, மார்புத் தசை, அக்குள் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுக்கும் இந்த முறைக்கு வைக்கப்பட்ட ஆங்கிலப் பெயரின் வேர்ச்சொல்லே இலத்தீனில் 'வேர்' என்ற பொருள்தான். 1894 இல் 50 பெண்களின் விபரங்களோடு ஹால்ஸ்டட் தன் முடிவுகளை வெளியிட்டார். ஐரோப்பிய வைத்தியர்களிடம் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வெட்டிய இடத்திலேயே நோய் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. ஹால்ஸ்டட்டிடம் அப்படித் திரும்பியது மூன்று பேருக்கு மட்டுமே. உலகம் வியந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டிய இடத்தில் நோய் திரும்பவில்லை என்பதும், அந்தப் பெண் பிழைத்தாள் என்பதும் ஒன்றல்ல. ஹால்ஸ்டட்டின் பிற்காலக் கணக்குகளே இதைக் காட்டின. அக்குள் கணுக்களுக்கு நோய் போகாத பெண்களில் பெரும்பாலானோர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கணுக்களுக்குப் போயிருந்தவர்களில் பெரும்பாலானோர், எவ்வளவு பெரிதாக வெட்டியும், ஈரலிலோ எலும்பிலோ நுரையீரலிலோ நோய் வந்து இறந்தார்கள். ஆக, விளைவைத் தீர்மானித்தது வெட்டின் அளவா, நோய் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த தூரமா? இந்தக் கேள்வியை அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் ஹால்ஸ்டட்டின் மாணவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். பிழைக்கவில்லையா, அப்படியென்றால் இன்னும் வெட்டவில்லை என்று விலா எலும்பு, கழுத்துக் கணு வரைக்கும் கத்தியைக் கொண்டு போனார்கள்.

அந்தச் சிகிச்சைக்குப் பிறகு பெண்களின் நெஞ்சு குழி விழுந்து கிடந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்குவது பலருக்குக் கஷ்டம். நிணநீர் வடிய வழியில்லாமல் கை நிரந்தரமாக வீங்கியது. உயிர் தப்புவதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது என்று சொல்லப்பட்டது. உண்மையில் அந்த விலை உயிரைத்தான் வாங்கித் தந்ததா என்று யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை.

கணக்குக் கேட்டவர்கள்

சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. பொருளியலாளர் கெயின்ஸின் தம்பி ஜெஃப்ரி கெயின்ஸ் லண்டன் சென். பார்தொலொமியு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர். 1920களில் அவர் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, ரேடியம் ஊசிகளை மார்பில் பதித்துக் கதிர்ச்சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். அவருடைய முடிவுகள் முழு வெட்டின் முடிவுகளைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அவரை ஆட்கள் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரும் வந்து அந்த முயற்சி தடைப்பட்டது. அமெரிக்காவில் ஜோர்ஜ் கிரைல் 1950களில் இதே கருத்தைச் சொல்லி, சக வைத்தியர்களின் கோபத்தைச் சம்பாதித்தார்.

இவர்களிடம் இருந்தது அனுபவம். எதிர்த்தவர்களிடம் இருந்ததும் அனுபவம்தான். ஒருவருக்கு வந்த நோயாளிகள் மற்றவருக்கு வந்த நோயாளிகளைவிட ஆரம்ப நிலையில் இருந்திருக்கலாம் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த இழுபறியைத் தீர்க்க ஒரே வழி எழுமாற்றுச் சோதனை. ஒரே மாதிரியான நோய் நிலையில் இருக்கிற பெண்களை, வைத்தியரின் விருப்பப்படி இல்லாமல் சீட்டுக் குலுக்குவது போலக் குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு சிகிச்சை கொடுத்து, வருசக்கணக்காகப் பின்தொடர்வது.

அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க்கில் பேர்னாட் ஃபிஷர் அதைச் செய்தார். எலிகளிலும் முயல்களிலும் ஆய்வு செய்திருந்த அவர், புற்றுக் கலங்கள் ஹால்ஸ்டட் சொன்னபடி வரிசையில் நகர்வதில்லை, ஆரம்பத்திலேயே இரத்தத்தின் வழியாக எங்கும் போகக்கூடும் என்று கருதினார். 1971 இல் தொடங்கிய சோதனையில் ஏறக்குறைய 1,700 பெண்கள் பங்குபற்றினார்கள். ஒரு குழுவுக்கு ஹால்ஸ்டட் முறை. மற்றவர்களுக்குத் தசையை விட்டுவிட்டு மார்பை மட்டும் அகற்றல். சிலருக்கு அதோடு கதிர்ச்சிகிச்சை. 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகும் உயிர் பிழைத்தோர் வீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தசையையும் சேர்த்து வெட்டியதால் ஒரு பயனும் கிடைக்கவில்லை.

1976 இல் தொடங்கிய அடுத்த சோதனை இன்னும் துணிச்சலானது. முழு மார்பகற்றலா, கட்டியை மட்டும் எடுப்பதா, கட்டியை எடுத்துக் கதிர்ச்சிகிச்சையும் கொடுப்பதா? 20 ஆண்டு முடிவில் மூன்று குழுவிலும் உயிர் பிழைத்தோர் வீதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கதிர்ச்சிகிச்சை இல்லாதவர்களில் 39 சதவீதமானோருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களில் 14 சதவீதம். அதனால்தான் இன்றைக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் பொதுவாகக் கதிர்ச்சிகிச்சையும் கொடுக்கிறார்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரொனேசி 701 பெண்களோடு தனியாக நடத்திய சோதனையும் இதே பதிலைத் தந்தது. 1990களில், ஃபிஷரின் சோதனைக்குத் தரவு அனுப்பிய கனடிய வைத்தியர் ஒருவர் சில பதிவுகளைத் திரித்திருந்தது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அந்தத் தரவுகளை நீக்கிவிட்டுத் திரும்பவும் கணக்குப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை.

இந்தச் சோதனைகளின் உண்மையான நாயகர்கள் ஃபிஷரும் வெரொனேசியும் மட்டுமில்லை. தனக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று தெரியாமல், அடுத்து வருகிற பெண்ணுக்காவது தெரியட்டும் என்று கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கான பெண்களும்தான்.

மயக்கம் தெளிந்த பிறகுதான் தெரியும்

அந்தக் காலத்து நடைமுறை ஒன்றை இப்போது கேட்டால் நம்பமாட்டீர்கள். மார்பில் கட்டியோடு போகிற பெண்ணை மயக்கி, துண்டொன்றை வெட்டி உறைய வைத்துப் பரிசோதிப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்தில் மார்பை அகற்றிவிடுவார்கள். முன்கூட்டியே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று. விழித்தெழுந்து நெஞ்சைத் தடவிப் பார்க்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்குத் தனக்குப் புற்றுநோய் இருந்தது தெரியும்.

இதை ஏற்காத ஒருத்தி ரோஸ் குஷ்னர். அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த பத்திரிகையாளர். 1974 இல் தன் மார்பில் கட்டியைக் கண்டதும் நூலகத்துக்குப் போய் வாசித்தார். முதலில் சோதனை மட்டும் செய்யுங்கோ, முடிவைச் சொல்லுங்கோ, பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குச் சம்மதிக்கிற வைத்தியரைக் கண்டுபிடிக்கவே அவர் அலைய வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக் கட்டி என்ற செய்தி வந்தபோது, குஷ்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொல்ல முயன்றார். முடிவை ஜனாதிபதி எடுத்துவிட்டார் என்ற பதில்தான் கிடைத்தது. நாட்டின் முதல் பெண்மணியின் உடம்பைப் பற்றிய முடிவுகூட அவளுடையதாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் பெட்டி ஃபோர்ட் தன் நோயை மறைக்காமல் வெளியே சொன்னது அந்த நாட்டில் பெரிய மாற்றம். அதுவரை பத்திரிகைகள் அச்சிடவே கூச்சப்பட்ட ஒரு சொல் முதல் பக்கத்துக்கு வந்தது.

குஷ்னர் புத்தகம் எழுதினார், மாநாடுகளில் எழுந்து கேள்வி கேட்டார், திட்டும் வாங்கினார். 1979 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் வைத்தியரல்லாத ஒருவராக அவர் உட்கார்ந்திருந்தார். சோதனையும் சத்திரசிகிச்சையும் வெவ்வேறு நாட்களில் நடக்க வேண்டும், ஹால்ஸ்டட் முறை இனி வழமையான சிகிச்சையாக இருக்கக்கூடாது என்று அந்தக் குழு சொன்னது. குஷ்னர் 1990 இல் அதே நோயால் இறந்தார். இன்றைக்கு எந்த நாட்டிலும் ஒரு பெண், "முதலில் ரிப்போர்ட் வரட்டும் டொக்டர்" என்று சொல்ல முடிகிறதென்றால் அதில் அவருக்கும் பங்கிருக்கு.

கத்திக்கு அப்பால்

நோய் இரத்தத்தின் வழியாக முன்கூட்டியே போகக்கூடும் என்றால், கத்தியும் கதிரும் எட்டாத இடத்துக்கு மருந்து போக வேண்டும். இதன் விதை பழையது. 1896 இல் கிளாஸ்கோவின் ஜோர்ஜ் பீட்ஸன், சூலகங்களை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்று சுருங்குவதை வெளியிட்டார். ஓமோன் என்ற சொல்லே அப்போது இல்லை. சூலகம் சுரக்கிற ஈஸ்ட்ரஜன் பல மார்பகப் புற்றுக் கலங்களுக்குத் தீனி போடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது.

1962 இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சட்ஸன் என்ற இரசாயனவியலாளர் ஒரு சேர்மத்தை உருவாக்கினார். கருத்தடை மாத்திரை தேடிய ஆய்வு அது. அந்த நோக்கத்தில் அது தோல்வி. ஆனால் ஈஸ்ட்ரஜன் போய் ஒட்டுகிற இடத்தை அது அடைத்துக்கொள்ளும் என்பதால் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுதான் டமொக்ஸிஃபென். ஓமோனுக்கு இணங்கும் வகை நோயுள்ளவர்கள் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் அந்த நோயால் இறக்கும் வீதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 1976 இல் மிலானின் ஜியானி பொனடொனா, சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கீமோ முறையின் பலனைக் காட்டினார். 1998 இல் ஹேர் 2 என்ற புரதம் கூடுதலாக உள்ள வகைக்கு ஹேர்செப்டின் வந்தது.

இதிலிருந்து விளங்குவது, மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்தை உங்கட சித்திக்குக் கொடுக்காமல் விடலாம். கட்டி பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ, கதிர்ச்சிகிச்சை கொடுக்க முடியாவிட்டாலோ முழு மார்பகற்றல் இன்றும் தேவைப்படும். சிலர் தாங்களே அதைத் தெரிவு செய்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், இப்போது அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், பெண்ணைக் கேட்க வேண்டும்.

வருமுன்

இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700களின் தொடக்கத்திலேயே கன்னியாஸ்திரிகளிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதைக் குறித்தார். 1926 இல் ஜெனெட் லேன்-கிளேபன் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர், நோயுள்ள 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டுக் கேள்விகள் கேட்டார். பிள்ளைப்பேறு, பால் கொடுத்தல், மாதவிடாய் நிற்கும் வயது எல்லாம் இதில் சம்பந்தப்படுகின்றன என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது. 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2002 இல் வெளியான ஆய்வின்படி, ஒரு பெண் மொத்தமாகப் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் ஏறக்குறைய 4 சதவீதம் குறைகிறது. மதுவும், மாதவிடாய் நின்ற பிறகு கூடும் உடற்பருமனும் அபாயத்தைக் கூட்டும், உடற்பயிற்சி குறைக்கும். பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. மேரி-கிளேர் கிங் 1990 இல் 17ஆம் நிறமூர்த்தத்தில் அடையாளம் காட்டிய பரம்பரையலகு அந்த வகையைச் சேர்ந்தது. நூறில் ஒருவர் அளவில் ஆண்களுக்கும் இந்த நோய் வரும்.

இவ்வளவும் செய்தாலும் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வயது கூடுவதும் பெண்ணாக இருப்பதும்தான் மிகப் பெரிய காரணிகள். ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து, "பால் குடுக்கேல்ல, அதான்" என்று குற்றம் சாட்டுவது அறிவும் இல்லை, மனிதமும் இல்லை.

அந்த ரிபனும் முதலில் இளஞ்சிவப்பு இல்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண் வீட்டிலிருந்தே பீச் பழ நிறத்தில் ரிபன் செய்து கொடுத்தார். நோய்த் தடுப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் போதாது என்ற செய்தி அதோடு இணைத்திருந்த அட்டையில் இருந்தது. ஒரு சஞ்சிகையும் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிபனைக் கேட்டபோது, வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்தார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். நிறத்தோடு அந்தக் கேள்வியும் போய்விட்டது.

எங்கட பக்கம்

இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான். மகரகமவில் தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கு. வடக்கில் தெல்லிப்பழையில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலைக்கு, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடு முழுக்க நடந்து மக்கள் பணம் சேர்த்தார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் 'வெல் வுமன்' கிளினிக் நடக்கிறது. அங்கே மார்பையும் பரிசோதிப்பார்கள்.

ஆனால் கிளினிக் இருந்தால் போதாது, போக வேண்டும். எந்த மாற்றத்தைக் கண்டால் போக வேண்டும்? மார்பிலோ அக்குளிலோ கட்டி அல்லது தடிப்பு, தோல் குழி விழுதல் அல்லது தோடம்பழத் தோல் போலாதல், முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுதல், இரத்தம் கசிதல், ஆறாத புண். வலி இல்லையே என்று இருந்துவிடக்கூடாது. ஆரம்பக் கட்டிகள் பெரும்பாலும் நோகாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது சோதனைதான், எங்கட ஊகம் இல்லை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற கதையை நம்பி ஊசிச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஷாங்காயில் 2,66,000 பெண்களோடு நடந்த ஆய்வில், மாதாமாதம் முறைப்படி தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது மட்டும் இறப்பைக் குறைக்கவில்லை. தன் உடம்பின் வழமையை அறிந்து, மாற்றம் கண்டதும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போவதுதான் முக்கியம். அறிகுறி கண்ட ஒருவருக்கு 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயம் முடிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது.

"எல்லாத்தையும் வெட்டிப் போடுவினம்" என்று பயந்து ஒரு பெரியம்மா கட்டியை மறைத்து வைத்திருக்கலாம். அவ பயப்படுகிற சிகிச்சை மாறிவிட்டது என்று யாராவது அவவுக்குச் சொல்ல வேண்டும். நேரத்தோடு போனால் வெட்டு சின்னது, நாள் போகப் போகத்தான் பெரிதாகும் என்றும் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல் அந்தச் சொல்லை வாயால் சொல்லி, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், டொக்டரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: இது எந்த வகை? எந்த நிலை? எங்களுக்கு என்னென்ன தெரிவு இருக்கு? ரோஸ் குஷ்னர் திட்டு வாங்கிக் கேட்ட கேள்விகள்தான் இவை. இன்றைக்கு அவற்றைக் கேட்பது எங்கட உரிமை.